நாடில்லாதவர்களுக்கு பாஸ்போர்ட் கொடுத்த துருவப் பயணி: யார் இந்த நான்சென்? பன்னாட்டு சங்கம் உண்மையிலேயே தோற்றுப்போனதா?

1921 செப்டம்பர் மாதம். சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் பன்னாட்டு சங்கத்தின் பொதுச்சபை கூடியிருந்தது. 60 வயதை நெருங்கிக்கொண்டிருந்த ஒருவர் பேச எழுந்தார். நெடுநெடுவென்ற உருவம், அடர்ந்த மீசை. ரஷ்யாவின் வோல்கா ஆற்றுப் பகுதியில் மழை பொய்த்து, பயிர் கருகி, கோடிக்கணக்கான பேர் பட்டினியில் கிடப்பதாகச் சொன்னார். அரசாங்கங்கள் எல்லாம் சேர்ந்து 50 லட்சம் பவுண்டு கடனாகக் கொடுத்தால் போதும், பனி இறுகுவதற்குள் தானியத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம் என்று கேட்டார்.

தானியம் இல்லாமல் இல்லை. அர்ஜென்டினாவில் மக்காச்சோளம் விலை போகாமல் ரயில் இன்ஜினில் போட்டு எரித்துக்கொண்டிருந்தார்கள். கப்பலுக்கும் பஞ்சம் இல்லை. ஐரோப்பியத் துறைமுகங்களில் சரக்கு கிடைக்காமல் கப்பல்கள் சும்மா நின்றன. இரண்டுக்கும் நடுவில் சாகக் கிடக்கும் ஜனங்கள். இதுதான் அவர் வைத்த வாதம்.

சபை கேட்டது. பணம் மட்டும் ஒரு பைசா வரவில்லை.

பேசியவர் பெயர் ஃபிரிட்ஜோஃப் நான்சென். நார்வேக்காரர். இதே பன்னாட்டு சங்கத்துக்காக, இதே நேரத்தில், லட்சக்கணக்கான போர்க் கைதிகளை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தவரும் இவர்தான்.

பன்னாட்டு சங்கம் என்றாலே தோற்றுப்போன அமைப்பு, இரண்டாம் உலகப் போரைத் தடுக்க முடியாத அமைப்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்து, அஞ்சு மார்க் கேள்விக்கு எழுதிவிட்டு வந்திருப்போம். அது பொய் இல்லை. ஆனால் முழுக் கணக்கும் அது இல்லை. அந்தக் கணக்கைப் பார்க்க நான்சென் வாழ்க்கையை விட நல்ல ஜன்னல் கிடைப்பது கஷ்டம்.

பின்வாங்க வழியே இல்லாத பாதை

நான்சென் பிறந்தது 1861 அக்டோபர் 10, இன்றைய ஓஸ்லோ நகருக்குப் பக்கத்தில். அப்பா வக்கீல். படித்தது விலங்கியல். நரம்பு மண்டலம் பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கினார். ஆனால் உலகம் அவரை அறிந்தது பனியில்.

1888ல் கிரீன்லாந்தைக் குறுக்காகக் கடக்கப் புறப்பட்டார். அதற்கு முன்னால் முயன்றவர்கள் ஜனங்கள் வசிக்கும் மேற்குக் கரையிலிருந்து கிளம்பி, முடியாமல் திரும்பி வந்திருந்தார்கள். நான்சென் தலைகீழாக யோசித்தார். ஆள் நடமாட்டம் மிகக் குறைந்த கிழக்குக் கரையில் இறங்கினால் என்ன? திரும்பிப் போக அங்கே எதுவும் இல்லை. பிழைக்க வேண்டுமென்றால் மேற்கே நடந்தே ஆக வேண்டும். ஆறு பேர் கிளம்பினார்கள், ஆறு பேரும் உயிரோடு போய்ச் சேர்ந்தார்கள்.

அடுத்தது 1893. 'ஃபிராம்' என்ற கப்பல். சைபீரியாவுக்கு வடக்கே உடைந்துபோன ஒரு அமெரிக்கக் கப்பலின் துண்டுகள் சில வருஷம் கழித்து கிரீன்லாந்து கரையில் ஒதுங்கியிருந்தன. அப்படியானால் பனிக்கட்டியே துருவத்தை ஒட்டி நகர்கிறது என்று கணக்குப் போட்டார். பனி நெருக்கும்போது நொறுங்காமல் மேலே எழும்பி வரும்படி, அடிப்பாகம் உருண்டையாக ஒரு கப்பலைக் கட்டவைத்து, வேண்டுமென்றே பனியில் மாட்டவிட்டார். கப்பல் துருவத்தைத் தொடாது என்று தெரிந்ததும், ஹ்யால்மார் யோஹான்சென் என்ற ஒரே துணையோடு இறங்கி, நாய் வண்டியில் வடக்கே கிளம்பினார். 1895 ஏப்ரலில் 86 டிகிரி 14 நிமிட அட்சரேகை வரை போனார்கள். அதுவரை மனிதர் யாரும் அவ்வளவு வடக்கே போனதில்லை. பிறகு கல்லால் ஒரு குடிசை, துருவக்கரடி இறைச்சி, ஒரு முழு குளிர்காலம். 1896ல் நாடு திரும்பியபோது அவர் உலகப் புகழ் பெற்ற ஆள்.

இந்தப் பனிக் கதை எதற்கு என்று கேட்கலாம். பின்னாளில் ராணுவம் இல்லாத, பணம் இல்லாத ஒரு அமைப்பின் பெயரில் நான்சென் பேசப் போனபோது, எதிரில் இருந்த அமைச்சர்கள் மதித்தது அந்த அமைப்பை அல்ல, இந்த மனிதரைத்தான்.

அரசியலுக்கு வந்தது எப்படி?

அப்போது நார்வே, சுவீடன் ராஜாவின் கீழ் இருந்தது. 1905ல் பிரிந்து தனி நாடானபோது அதற்காக எழுதினார், பேசினார். டென்மார்க் இளவரசரை நார்வே அரியணைக்குச் சம்மதிக்க வைக்க கோபன்ஹேகன் போனவர்களில் அவரும் ஒருவர். 1906ல் லண்டனில் நார்வேயின் முதல் தூதரானார். 1907 டிசம்பரில் மனைவி ஈவா நிமோனியாவில் இறந்துபோனார். பதவியை விட்டுவிட்டு கடல் ஆராய்ச்சிக்கே திரும்பினார்.

முதல் உலகப் போர் அவரைத் திரும்ப இழுத்தது. அமெரிக்கா போரில் இறங்கியதும் உணவு ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. நார்வே நடுநிலை நாடு, வயிற்றுக்கு வெளிநாட்டுத் தானியத்தை நம்பியிருந்த நாடு. வாஷிங்டனுக்கு அனுப்பப்பட்ட நான்சென் மாதக்கணக்கில் பேசினார். சொந்த அரசாங்கம் இழுத்தடித்தபோது, 1918 ஏப்ரலில் தன் பொறுப்பிலேயே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். ஊருக்குச் சோறு வந்தது.

பல் இல்லாத சங்கம்

1920 ஜனவரி 10ஆம் தேதி பன்னாட்டு சங்கம் அதிகாரபூர்வமாகப் பிறந்தது. ஆங்கிலத்தில் 'லீக் ஆஃப் நேஷன்ஸ்'. இன்றைய ஐ.நா.வுக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். யோசனையை முன்னின்று நடத்தியவர் அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன். ஆனால் அமெரிக்க செனட் சபை ஒப்புதல் தராததால் அமெரிக்காவே கடைசி வரை சேரவில்லை. தோற்ற ஜெர்மனிக்கு ஆரம்பத்தில் இடமில்லை. சோவியத் ரஷ்யாவும் வெளியே. சொந்தமாக ஒரு சிப்பாய் கூடக் கிடையாது. முக்கியமான முடிவுகளுக்கு எல்லா நாடும் ஒருமனதாகத் தலையாட்ட வேண்டும்.

நம்ம ஊர் பஞ்சாயத்தில் இந்த விதி இருந்தால் ஒரு வரப்புத் தகராறாவது தீர்ந்திருக்குமா?

சுவாரஸ்யமான ஒரு விஷயம்: பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தபோதே இந்தியா இந்தச் சங்கத்தின் ஆரம்பகால உறுப்பினர். 1921ல் ஜெனீவாவுக்குப் போன இந்தியப் பிரதிநிதிகளில் ஒருவர், கும்பகோணம் பக்கத்து வலங்கைமானில் பிறந்த வி.எஸ்.சீனிவாச சாஸ்திரி.

முதல் வேலை: கைதிகளை வீடு சேர்ப்பது

1918 நவம்பரில் துப்பாக்கிச் சத்தம் நின்றுவிட்டது. ஆனால் 1920லும் லட்சக்கணக்கான வீரர்கள் சிறை முகாம்களிலேயே கிடந்தார்கள். ஜெர்மனி, ஆஸ்திரியா, ஹங்கேரி வீரர்கள் சைபீரியா வரை சிதறிக் கிடந்தார்கள். ரஷ்ய வீரர்கள் ஜெர்மனியில். ரஷ்யாவில் உள்நாட்டுப் போர். ஊருக்குத் திரும்ப ரயிலும் இல்லை, கப்பலும் இல்லை. இவர்களை அனுப்பிவைக்கும் பொறுப்பை 1920 ஏப்ரலில் சங்கம் நான்சென் தலையில் கட்டியது.

முதல் முட்டுக்கட்டை மாஸ்கோ. சோவியத் அரசு பன்னாட்டு சங்கத்தை அங்கீகரிக்கவே இல்லை. முதலாளித்துவ நாடுகளின் கூட்டணி என்றுதான் அதைப் பார்த்தது. சரி, சங்கத்தோடு பேச வேண்டாம், நான்சென்னோடு பேசுங்கள் என்று ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அவருடைய தனிப்பட்ட பெயரின் மீது ஒப்பந்தம் உருவானது. கைதிகளை எல்லை வரை ரயிலில் கொண்டுவந்து விடுவது ரஷ்யாவின் வேலை. எஸ்தோனியாவின் நார்வாவிலிருந்து கப்பலில் ஏற்றி, பால்டிக் கடல் வழியாக அப்போது ஜெர்மனியில் இருந்த ஸ்டெட்டின் துறைமுகத்தில் இறக்குவது நான்சென் வேலை. திரும்பும் கப்பலிலும் ரஷ்யக் கைதிகள் ஏறினார்கள். இது ஒரு தடம். கருங்கடல் வழியாகவும், தூரக்கிழக்கில் விளாடிவாஸ்டாக் வழியாகவும் வேறு தடங்கள்.

1922ல் அவர் சபைக்கு இறுதி அறிக்கை கொடுத்தார். வீடு திரும்பியவர்கள் 4,27,886 பேர். ஏறக்குறைய 30 நாடுகளைச் சேர்ந்தவர்கள். அலுவலகம் சின்னது, செலவும் மிகக் குறைவு.

இதில் சங்கம் ஜெயித்தது ஏன்? யோசித்துப் பார்த்தால் காரணம் சாதாரணமானது. கைதிகள் வீட்டுக்குப் போவதில் எந்த அரசாங்கத்துக்கும் நஷ்டம் இல்லை. எல்லாருக்கும் வேண்டிய காரியம். செய்ய ஒரு ஆள் இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான்.

பஞ்சத்துக்கு மட்டும் ஏன் கைவிரித்தார்கள்?

இப்போது ஆரம்பத்தில் சொன்ன 1921 செப்டம்பருக்கு வருவோம். எழுத்தாளர் மாக்சிம் கார்க்கி உலகத்திடம் உதவி கேட்டிருந்தார். செஞ்சிலுவைச் சங்கமும் மற்ற தொண்டு அமைப்புகளும் ஜெனீவாவில் கூடி நான்சென்னைத் தலைமை ஏற்கச் சொன்னார்கள். ஆகஸ்ட் மாதம் மாஸ்கோ போய், சோவியத் வெளியுறவுத் தலைவர் சிச்சேரினோடு ஒப்பந்தம் போட்டுவிட்டுத்தான் அவர் சபைக்கு வந்தார்.

அந்த ஒப்பந்தமே அவருக்கு எதிராகத் திரும்பியது. ரஷ்யாவுக்குச் சோறு போட்டால் கம்யூனிஸ்ட் அரசு பிழைத்துக்கொள்ளும் என்பதுதான் பல அரசாங்கங்களின் பயம். அந்த ஆட்சிக்கு உதவுவதை விட ஜனங்கள் சாவதே மேல் என்கிற அளவுக்குச் சபையில் பேச்சு போனது. மாஸ்கோவின் கையாள் என்று பத்திரிகைகளில் நான்சென்னைத் திட்டினார்கள்.

அவர் சும்மா இருக்கவில்லை. பஞ்சப் பகுதிக்கே போனார். எலும்பும் தோலுமாகக் கிடந்த குழந்தைகளின் புகைப்படங்களை எடுத்துவந்து, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கூட்டம் கூட்டமாகக் காட்டிப் பணம் திரட்டினார். ஆனால் பெரிய அளவில் உணவு கொண்டுபோனது ஹெர்பர்ட் ஹூவர் தலைமையிலான அமெரிக்க நிவாரண அமைப்பு. 1922 கோடையில் அது தினமும் 1 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சாப்பாடு போட்டது. சங்கத்தில் சேராத நாடு செய்த வேலை அது! அப்படியும் அந்தப் பஞ்சத்தில் சுமார் 50 லட்சம் பேர் செத்திருப்பார்கள் என்பது பொதுவான மதிப்பீடு.

நான்சென் மேலும் குறை உண்டு. சோவியத் அரசை அவர் அளவுக்கு மீறி நம்பினார் என்று அன்றைக்கே சொன்னார்கள். ஹூவர் போட்ட ஒப்பந்தத்தில் விநியோகம் அமெரிக்கர்களின் கட்டுப்பாட்டில் இருந்தது. நான்சென் ஒப்பந்தத்தில் சோவியத் அதிகாரிகளுக்கும் பங்கு இருந்தது. பணம் கொடுக்கத் தயங்கியவர்களுக்கு அது ஒரு நல்ல சாக்காகவும் ஆனது. ஆனால் ஒப்பந்தத்தில் ஓட்டை இருந்ததால்தான் சபை மறுத்தது என்று சொல்வது சரியாக இருக்காது. ஓட்டையை அடைக்கச் சொல்லி யாரும் மாற்றுத் திட்டம் கொண்டுவரவில்லை.

ஒரு துண்டுக் காகிதம்

அதே 1921 செப்டம்பரில் சங்கம் அவருக்கு இன்னொரு பொறுப்பும் கொடுத்திருந்தது: ரஷ்ய அகதிகள். புரட்சிக்கும் உள்நாட்டுப் போருக்கும் தப்பி ஓடியவர்கள் 10 லட்சத்துக்கும் மேல். 1920 நவம்பரில் கிரிமியாவிலிருந்து மட்டும் சுமார் ஒன்றரை லட்சம் பேர் கப்பலேறி கான்ஸ்டாண்டிநோபிளில் வந்து இறங்கியிருந்தார்கள். 1921 டிசம்பரில் சோவியத் அரசு ஒரு ஆணை போட்டது. வெளியே இருக்கும் இவர்களின் குடியுரிமை போய்விட்டது.

அன்றைய நிலைமை நமக்குக் கொஞ்சம் புரிய வேண்டும். போருக்கு முன்னால் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் பாஸ்போர்ட் இல்லாமலே எல்லை தாண்டலாம். போர் வந்ததும் எல்லா நாடும் பாஸ்போர்ட், விசா என்று கதவைப் பூட்டிவிட்டது. பூட்டிய பிறகு லட்சக்கணக்கான பேர் எந்த நாட்டுக் காகிதமும் இல்லாமல் தெருவில் நின்றார்கள். பக்கத்து நாட்டில் வேலை காத்திருக்கும், போக முடியாது. இருக்கும் ஊரில் வேலை இல்லை, போலீஸ் பிடித்தால் காட்ட ஒன்றும் இல்லை.

1922 ஜூலையில் ஜெனீவாவில் அரசாங்கங்களைக் கூட்டி நான்சென் ஒரு ஏற்பாட்டுக்குச் சம்மதிக்க வைத்தார். அகதி எந்த நாட்டில் இருக்கிறாரோ அந்த அரசாங்கமே ஒரு அடையாளச் சான்றிதழ் கொடுக்கும். மற்ற நாடுகள் அதைப் பார்த்து விசா கொடுக்கலாம். குடியுரிமை கிடையாது, ஓட்டு கிடையாது. இவர் இன்னார் என்று சொல்லும் ஒரு காகிதம். அதற்கு ஜனங்களே வைத்த பெயர்தான் 'நான்சென் பாஸ்போர்ட்'.

1924ல் ஆர்மீனியர்களுக்கும், 1928ல் அசீரியர்கள் உள்ளிட்ட வேறு சிலருக்கும் இது விரிந்தது. காலப்போக்கில் 52 அரசாங்கங்கள் ஏற்றன. மொத்தம் சுமார் நாலரை லட்சம் பேர் கைக்குப் போனதாகக் கணக்கு. இசைமேதை ஸ்ட்ராவின்ஸ்கி, ஓவியர் மார்க் ஷகால், எழுத்தாளர் நபகோவ், நடனக் கலைஞர் அன்னா பாவ்லோவா எல்லாரும் இதை வைத்திருந்தவர்கள். 1926 முதல் வசதி உள்ளவர்கள் 5 தங்க பிராங்க் கொடுத்து ஒரு ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். அந்தப் பணம் வசதி இல்லாத அகதிகளுக்குப் போனது. சங்கத்திடம் நிதி கேட்டுக் கேட்டு அலுத்த மனிதர், அகதியை வைத்தே அகதிக்கு வழி பண்ணினார்.

குறைகளும் சின்னவை அல்ல. காகிதம் கொடுத்த நாடே, வெளியே போனவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று ஆரம்பத்தில் கட்டாயம் இல்லை. வேலை பார்க்கும் உரிமையும் இல்லை. எல்லையில் அதிகாரி முகம் சுளித்தால் சுளித்ததுதான். ஆனாலும் நாட்டுக்கு வெளியே நிற்கும் ஒரு மனிதருக்குச் சட்டத்தில் ஒரு இடம் உண்டு என்று உலகம் ஒத்துக்கொண்ட தொடக்கம் இது. என்னைக் கேட்டால் யார் சங்கத்தின் பெரிய வெற்றி எது என்று விவாதிக்கும்போதும், பட்டியலில் முதலில் வர வேண்டியது இந்தக் காகிதம்தான் என்று தயங்காமல் சொல்லலாம்.

1922 டிசம்பரில் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு. பரிசுப் பணத்தை ரஷ்யாவில் மாதிரிப் பண்ணைகளுக்கும் கிரேக்க அகதிகளுக்கும் கொடுத்துவிட்டார்.

வெற்றியா, பாவமா? கிரேக்கம் - துருக்கி கணக்கு

இங்கேதான் தீர்ப்பு சொல்வது கஷ்டம்.

1922 செப்டம்பரில் கிரேக்க ராணுவம் துருக்கியிடம் தோற்றது. ஸ்மிர்னா நகரம், அதாவது இன்றைய இஸ்மீர், தீப்பிடித்து எரிந்தது. லட்சக்கணக்கான கிரேக்கக் கிறிஸ்தவர்கள் கப்பலேறி கிரேக்கத்துக்கு ஓடினார்கள். சங்கம் நான்சென்னை அங்கே அனுப்பியது. நிலைமையைப் பார்த்துவிட்டு அவர் முன்வைத்த யோசனை, மக்களை மாற்றிக்கொள்வது.

1923 ஜனவரி 30ஆம் தேதி லாசானில் ஒப்பந்தம் கையெழுத்தானது. விருப்பம் கேட்கவில்லை, கட்டாயம். துருக்கியில் இருந்த ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கு, கிரேக்கத்தில் இருந்த முஸ்லிம்கள் துருக்கிக்கு. ஏற்கெனவே ஓடிவந்தவர்களையும் சேர்த்து சுமார் 12 லட்சம் பேர் ஒரு பக்கம், 4 லட்சத்துக்கு நெருங்கியவர்கள் மறுபக்கம். பிரிக்கும் அளவுகோல் மதம் மட்டுமே. துருக்கி மொழியைத் தவிர வேறு தெரியாத கிறிஸ்தவர் கிரேக்கத்துக்குப் போனார். கிரேக்க மொழி பேசும் கிரீட் தீவு முஸ்லிம் துருக்கிக்குப் போனார். போன இடத்தில் இருவருமே அந்நியர்.

கையெழுத்துப் போட்ட பிறகு இது யார் யோசனை என்று கேட்டால், பெரிய தலைகள் எல்லாம் கழுவுற மீனில் நழுவுற மீனாக நழுவினார்கள். பழி நான்சென் பக்கம் ஒதுங்கியது. அவர் வாதம் என்னவென்றால், ஓடியவர்களைத் துருக்கி திரும்பச் சேர்க்கப் போவதில்லை, அங்கே மிச்சம் இருப்பவர்களின் உயிருக்கு உத்தரவாதம் இல்லை, வெளியேறும் முஸ்லிம்களின் நிலம் கிடைத்தால்தான் வந்தவர்களைக் குடியேற்ற முடியும். அந்த நேரத்துக் கணக்கில் அது புரிகிறது. ஆனால் சொந்த ஊரிலிருந்து ஆட்களைப் பிடுங்கி எறிவதற்கு ஒரு பன்னாட்டு அமைப்பே முத்திரை குத்தியது என்ற உண்மையும் மாறாது. பிறகு வந்த காலத்தில் எல்லைகளை மத, இன வாரியாகச் சுத்தம் செய்ய நினைத்தவர்கள் எல்லாம் லாசானை உதாரணமாகக் காட்டினார்கள்.

அடுத்து நடந்ததில் சங்கத்துக்குப் பாராட்டுச் சொல்லத்தான் வேண்டும். கிரேக்கத்தில் அப்போது ஏறக்குறைய அஞ்சில் ஒருவர் அகதி. சங்கத்தின் மேற்பார்வையில் ஒரு குடியேற்ற ஆணையம் அமைத்து, அதன் பெயரில் லண்டனிலும் நியூயார்க்கிலும் கடன் திரட்டினார்கள். வடக்கே மாசிடோனியாவிலும் திரேஸிலும் சதுப்பு நிலங்கள் வடிக்கப்பட்டன, கிராமங்கள் எழுந்தன, விதையும் மாடும் கொடுக்கப்பட்டன. சில வருஷங்களில் லட்சக்கணக்கான பேர் விவசாயத்தில் நின்றார்கள்.

கோர்ஃபு: வல்லான் வகுத்த வாய்க்கால்

1923 ஆகஸ்ட் 27. கிரேக்கம் - அல்பேனியா எல்லையை அளக்கப் போன இத்தாலிய ஜெனரல் தெல்லினியும் அவர் கூட இருந்தவர்களும் கிரேக்க மண்ணில் கொல்லப்பட்டார்கள். கொன்றது யார் என்று தெரியவில்லை. முசோலினி 5 கோடி லிரா கேட்டார். ஆகஸ்ட் 31ஆம் தேதி இத்தாலியக் கப்பல்கள் கோர்ஃபு தீவின் பழைய கோட்டையைக் குண்டுவீசித் தாக்கின. அந்தக் கோட்டையில் தங்கவைக்கப்பட்டிருந்தது யார் தெரியுமா? துருக்கியிலிருந்து வந்த அகதிகள். குறைந்தது 15 பேர் செத்தார்கள்.

கிரேக்கம் சங்கத்திடம் முறையிட்டது. சின்ன நாடுகள் எல்லாம் ஜெனீவாவைப் பார்த்தன. நான்சென் கடுமையாகக் குரல் கொடுத்தவர்களில் ஒருவர். இதில் சங்கம் தலையிடாவிட்டால் பிறகு சங்கம் எதற்கு என்பதுதான் அவர் நிலை. இத்தாலியோ இது எங்கள் கௌரவப் பிரச்சனை, சங்கத்துக்கு இதில் வேலை இல்லை என்றது. பிரான்ஸ் தன் சொந்தக் கணக்கில் இத்தாலியைப் பகைக்க விரும்பவில்லை. விவகாரம் சங்கத்தின் கையிலிருந்து பெரிய நாடுகளின் தூதர்கள் மாநாட்டுக்குப் போனது. கடைசியில் கொலையாளியைக் கண்டுபிடிக்காமலே கிரேக்கம் 5 கோடி லிராவையும் கட்டியது. பணம் வந்த பிறகு இத்தாலி தீவை விட்டுப் போனது.

இதையே 1925ஓடு வைத்துப் பாருங்கள். அக்டோபரில் கிரேக்க - பல்கேரிய எல்லையில் ஒரு சிப்பாய் சுடப்பட, கிரேக்க ராணுவம் பல்கேரியாவுக்குள் நுழைந்தது. பல்கேரியா முறையிட்டது. சில நாட்களில் சங்கத்தின் கவுன்சில் கூடி, சண்டையை நிறுத்து, வெளியேறு என்றது. கிரேக்கம் வெளியேறியது. விசாரணைக் குழு போய், 45,000 பவுண்டு நஷ்டஈடு கட்டச் சொன்னது. கட்டினார்கள்.

பாடப் புத்தகங்கள் இதைச் சங்கத்தின் வெற்றி என்று எழுதும். வெற்றிதான், பெரிய போர் ஒன்று முளையிலேயே கிள்ளப்பட்டது. ஆனால் கிரேக்கர்கள் கேட்ட கேள்வி நியாயமானது: இத்தாலி அடித்தபோது காசு கட்டியதும் நாங்கள், நாங்கள் அடித்தபோது காசு கட்டியதும் நாங்களா? ஊருக்கு இளைத்தவன் மேல்தான் சட்டம் பாய்ந்தது.

கடைசித் தோல்வி: ஆர்மீனியா

நான்சென்னை மிகவும் வாட்டியது ஆர்மீனியர்கள் விவகாரம். முதல் உலகப் போரின்போது ஒட்டோமான் பேரரசில் பெரும் படுகொலைக்கு ஆளானவர்கள். போர் முடிந்ததும் தனி நாடு தருவதாக வெற்றி பெற்ற நாடுகள் வாக்குக் கொடுத்தன. லாசான் ஒப்பந்தம் வந்தபோது அந்தப் பேச்சே காணாமல் போயிருந்தது.

1925ல் சங்கத்தின் சார்பில் நான்சென் சோவியத் ஆர்மீனியாவுக்குப் போய் நேரில் பார்த்தார். 36,000 ஹெக்டேர் வறண்ட நிலத்துக்குப் பாசனம் கொடுத்தால் 15,000 அகதிகளைக் குடியமர்த்தலாம் என்று திட்டம் போட்டார். ரஷ்யாவுக்குக் கேட்ட தொகையோடு ஒப்பிட்டால் இதற்குத் தேவைப்பட்டது சின்னத் தொகை. வருஷா வருஷம் பொதுச்சபையில் எழுந்து கேட்டார். அரசாங்கங்கள் அனுதாபம் காட்டின, பணம் காட்டவில்லை. 1929ல் திட்டம் கைவிடப்பட்டது.

அந்த ஆர்மீனியப் பயணத்தில் அவருக்கு உதவியாளராகப் போன நார்வே ராணுவ அதிகாரி ஒருவர். பெயர் விட்குன் குவிஸ்லிங். பஞ்ச நிவாரணத்திலும் நான்சென்னிடம் நன்றாக வேலை பார்த்தவர். இதே ஆள்தான் பின்னாளில் ஹிட்லர் பிடித்த நார்வேயில் நாஜிகளின் கைப்பாவை ஆட்சிக்குத் தலைவரானார். அவர் பெயரே ஆங்கிலத்தில் துரோகி என்ற அர்த்தத்துக்கு வந்துவிட்டது. அந்தக் காலத்தில் நான்சென்னின் மகன் ஓட் நான்சென், யூத அகதிகளுக்கு உதவும் அமைப்பை நடத்தியவர், ஜெர்மானிய வதை முகாமில் அடைக்கப்பட்டிருந்தார்.

நான்சென் இல்லாத ஜெனீவா

அறுபது தாண்டியும் பனி ஆசை விடவில்லை. கிராஃப் செப்பலின் ஆகாயக் கப்பலில் ஆர்க்டிக் மேல் பறக்கும் திட்டத்தில் இருந்தார். 1930 மே 13ஆம் தேதி வீட்டிலேயே உயிர் பிரிந்தது. வயது 68. நார்வேயின் தேசிய நாளான மே 17ஆம் தேதி அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது.

அடுத்த வருஷமே ஜப்பான் மஞ்சூரியாவுக்குள் நுழைந்தது. சங்கம் விசாரித்தது, அறிக்கை எழுதியது. ஜப்பான் சங்கத்தை விட்டே வெளியேறியது. 1935ல் முசோலினி எத்தியோப்பியா மேல் பாய்ந்தார். பொருளாதாரத் தடை போட்டார்கள், ஆனால் எண்ணெயைத் தடைப் பட்டியலில் சேர்க்கவில்லை. கோர்ஃபுவில் சின்னதாகப் பார்த்த படம், இப்போது பெரிய திரையில் ஓடியது.

அகதிகள் வேலையும் சுருங்கியது. 1933ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியிலிருந்து யூதர்கள் வெளியேறத் தொடங்கினார்கள். ஜெர்மனி அப்போது சங்க உறுப்பினர். அதைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று, ஜெர்மன் அகதிகளுக்கான ஆணையரை சங்கத்துக்கு வெளியே, தனி அமைப்பாக வைத்தார்கள். அந்தப் பதவிக்கு வந்த அமெரிக்கர் ஜேம்ஸ் மெக்டொனால்ட், நாடுகள் ஒத்துழைக்கவில்லை என்று 1935 டிசம்பரில் ராஜினாமா செய்துவிட்டுப் போனார்.

நான்சென் தொடங்கிய வேலையைத் தொடர, அவர் இறந்த பிறகு சங்கம் அவர் பெயரிலேயே 'நான்சென் சர்வதேச அகதிகள் அலுவலகம்' என்ற ஒன்றை அமைத்திருந்தது. பழைய ரஷ்ய, ஆர்மீனிய அகதிகள்தான் அதன் முக்கியப் பொறுப்பு. இன்றைய ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் முன்னோடிகளில் அதுவும் ஒன்று. 1954 முதல் அந்த ஆணையம் தரும் விருதுக்கும் நான்சென் பெயர்தான்.

1938 நவம்பரில் ஜெர்மனி முழுக்க யூதர்களின் வழிபாட்டுத் தலங்களுக்குத் தீ வைத்தார்கள். விசா கேட்டுத் தூதரக வாசல்களில் வரிசை நீண்டது. அதற்குச் சரியாக ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 10ஆம் தேதி, ஓஸ்லோவில் அமைதிக்கான நோபல் பரிசு நான்சென் அலுவலகத்துக்கு வழங்கப்பட்டது. அந்த அலுவலகத்தை மூடுவதற்குச் சங்கம் ஏற்கெனவே தேதி குறித்திருந்தது: அதே மாதம் 31.